அந்தச் சீனக் கஞ்சிக் கடைக்குப் போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில் ஓர் உணவங்காடி நிலையம் இருக்கிறது. அங்கே பன்றி இறைச்சிக் கஞ்சி விற்கும் ஒரு கடை, காணொளிகளின் புண்ணியத்தில் கடந்த சில ஆண்டுகளில் பெரும்பேர் பெற்றுவிட்டது. ஊரிலிருந்து வரும் உறவினர்கள், புதிதாக வேலையில் சேருகிறவர்கள், பக்கத்து வீட்டு அம்மா என எல்லோரும் அந்தக் கடையைப் பற்றி என்னிடம் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கிறார்கள். அங்கே ஏழெட்டு முறை சாப்பிட்டவள் என்ற ஒரே தகுதியில் பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதில் உள்ளவற்றில் பெரும்பகுதி, இந்தத் தீவில் வரிசை நிற்கும் எந்தக் கஞ்சிக் கடைக்கும் பொருந்தும் என்பதால் பெயர் தேவைப்படவும் இல்லை.

அக்கா, சீனக் கஞ்சின்னா நம்ம வீட்டுக் கஞ்சிதானே? அதுக்கு எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

பெயரளவில் உறவு மிக நெருக்கம். சீனக் கஞ்சிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'கான்ஜி' என்ற சொல், நம்முடைய 'கஞ்சி' போர்த்துகீசியர் வாய்வழியாகப் பயணம் செய்து உருமாறியதுதான். சீனர்கள் தங்களுக்குள் அதை அப்படி அழைப்பதில்லை. காண்டனீஸ் பேசுகிறவர்களுக்கு அது 'ஜுக்', மாண்டரினில் 'ஜோவ்', தியோச்சூ வட்டாரச் சீனர்களுக்கு 'முவே'. சிங்கப்பூரில் எந்த மொழிக்காரரும் 'பாரிட்ஜ்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

சமைக்கும் முறையில்தான் வேறுபாடு தெரியும். காண்டனீஸ் முறையில் ஒரு பங்கு அரிசிக்குப் பத்து, பன்னிரண்டு பங்கு நீர் விட்டு, பன்றி எலும்பும் சில இடங்களில் உலர்ந்த சிப்பிச் சதையும் சேர்த்து, பருக்கை உடைந்து கரைந்து அரிசியும் நீரும் ஒன்றாகும்வரை மணிக்கணக்கில் கொதிக்கவிடுவார்கள். கூழைப் போல வழவழப்பாக இருக்கும். தொட்டுக்கொள்ள எதுவும் தேவைப்படாது, எல்லாம் உள்ளேயே இருக்கும். தியோச்சூ முறை இதற்கு நேர் எதிர். பருக்கை முழுதாகக் கிடக்கும், நீர் தனியாகத் தெளிந்து நிற்கும், உப்புக்கூடப் போடமாட்டார்கள். உப்பு முட்டை, முள்ளங்கி ஊறுகாய் போட்ட முட்டைப் பொரியல், வேகவைத்த மீன், சோயா சாற்றில் கொதித்த வாத்து ஆகியவற்றைச் சிறு தட்டுகளில் வைத்துத் தொட்டுக்கொண்டு குடிக்க வேண்டும். கஞ்சிக்கு வெஞ்சனம் கடித்துப் பழகிய நமக்கு இந்த இரண்டாவது முறைதான் நெருக்கமாகத் தோன்றும். ஆனால் எல்லோரும் கேட்கும் அந்தக் கடை முதல் வகையைச் சேர்ந்தது.

எனக்குச் சீனம் ஒரு வார்த்தை தெரியாது. எப்படிக் கேட்டு வாங்கறது?

தெரியவேண்டிய தேவையில்லை. கடையின் மேல் பலகையில் படமும் எண்ணும் இருக்கும். எண்ணைச் சொன்னால் போதும். கடைக்காரர் நடுவயதினராக இருந்தால் 'அங்கிள்', 'ஆன்டி' என்று அழைப்பது இங்குள்ள வழக்கம். அவர் பதிலுக்கு அநேகமாக இரண்டே கேள்விகள் கேட்பார்: முட்டை வேண்டுமா, இங்கேயா 'தாபாவ்' ஆகவா. தாபாவ் என்றால் பார்சல். கையில் சில்லறை வைத்திருப்பது நல்லது. உள்ளூர் வங்கிக் கணக்கு இருந்தால் பேநவ் குறியீட்டை வருடிப் பணம் செலுத்தலாம். சுற்றுலாவாக வருகிறவர்களிடம் அது இருக்காது.

இடம் பிடிக்க மேசை மேல டிஷ்யூ பாக்கெட் வச்சிருக்காங்களே, அதை எடுத்துட்டு உட்காரலாமா?

உட்காரக்கூடாது. சட்டம் ஒன்றும் தடுக்கவில்லை என்றாலும், 'சோப்' என்று சொல்லப்படும் இந்த வழக்கத்தை இங்கே எல்லோரும் மதிக்கிறார்கள். ஒரு டிஷ்யூ பொட்டலமோ குடையோ இருந்தால் அந்த இருக்கைக்கு ஆள் இருக்கிறார் என்று பொருள். நீங்களும் வரிசையில் நிற்கப் போகுமுன் அப்படியே செய்யலாம். ஆனால் இந்தக் கடையில் ஐம்பது நிமிடம் வரிசையில் நின்றுகொண்டு, மதிய நெரிசலில் நான்கு இருக்கைகளை டிஷ்யூவால் பிடித்து வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒருவர் நிற்க மற்றவர் கடைசிப் பத்து நிமிடத்தில் இடம் தேடினால் போதும்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டையும் கிண்ணத்தையும் நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் உணவங்காடிகளில் இது கட்டாயம். தட்டு வைக்கும் இடத்தில் ஹலால் தட்டுகளுக்கு ஓர் அடுக்கும் மற்றவற்றுக்கு வேறோர் அடுக்கும் இருக்கும். பன்றிக் கஞ்சிக் கிண்ணத்தை ஹலால் அடுக்கில் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகளில் மற்றவர்களை உண்மையாகவே புண்படுத்துவது இதுதான்.

இவ்வளவு நீள வரிசை நிக்குதுன்னா ருசி சும்மாவா இருக்கும்?

இந்தக் கேள்விதான் என்னை எழுத உட்காரவைத்தது. வரிசை நீள்வதற்கு இரண்டு வழிகள் உண்டு. வருகிறவர் கூட்டம் அதிகமாக இருக்கலாம். அல்லது கடைக்காரரின் கை மெதுவாக ஓடலாம். கோழிச் சோற்றுக் கடையில் எல்லாம் முன்பே வெந்து தொங்கிக்கொண்டிருப்பதால், வெட்டித் தட்டில் வைத்துக் கொடுக்க அரை நிமிடம் போதும். கஞ்சிக் கடையில் அது முடியாது. பெரிய பானையில் தயாராக இருப்பது வெறும் கஞ்சி மட்டும். ஒவ்வொருவர் கேட்கும்போதும் அதிலிருந்து ஓர் அகப்பை எடுத்துக் கைப்பிடி வைத்த சிறு பாத்திரத்தில் ஊற்றி, பச்சை இறைச்சி உருண்டையையும் ஈரல் துண்டுகளையும் அதிலேயே போட்டு, கொதித்து வெந்தபிறகுதான் கிண்ணத்தில் சாய்ப்பார்கள்.

ஒருநாள் பொழுதுபோகாமல் வரிசையில் நின்றபடியே கணக்குப் போட்டேன். அடுப்பில் நான்கு சிறு பாத்திரங்கள். ஒவ்வொன்றும் இறங்க ஏறக்குறைய நான்கு நிமிடம். ஆக நிமிடத்துக்கு ஒரு கிண்ணம். எனக்கு முன்னால் இருபது பேர். அவர்களில் பலர் அலுவலகத் தோழர்களுக்கும் சேர்த்து வாங்க வந்தவர்கள் என்பதால் ஆளுக்குச் சராசரியாக இரண்டரைக் கிண்ணம் வைத்துக்கொண்டால் ஐம்பது கிண்ணம், ஐம்பது நிமிடம். நான் காத்திருந்ததும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதே இருபது பேர் கோழிச் சோற்றுக் கடையில் நின்றிருந்தால் இருபத்தைந்து நிமிடம்தான் ஆகியிருக்கும், யாரும் படம் எடுத்திருக்கமாட்டார்கள்.

வரிசை, பார்க்கிறவரையும் இழுக்கும். எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமலே வந்து நின்ற ஒரு வெளிநாட்டுத் தம்பதியிடம் நான் பேசியிருக்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஐம்பது நிமிடம் பசியோடு நின்றபின் வாயில் வைக்கும் சூடான எதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

கடை முன்னாடி மிச்செலின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே, அது பொய்யா?

பொய் இல்லை, ஆனால் அது என்ன ஸ்டிக்கர் என்று பார்க்க வேண்டும். மிச்செலின் டயர் நிறுவனம் உணவகங்களை மதிப்பிட்டு வெளியிடும் கையேட்டின் சிங்கப்பூர்ப் பதிப்பு 2016இல் தொடங்கியது. முதல் ஆண்டிலேயே இரண்டு அங்காடிக் கடைகள் தலா ஒரு நட்சத்திரம் பெற்றதால், அங்காடி என்றாலே நட்சத்திரம் என்ற எண்ணம் பலருக்குப் படிந்துவிட்டது. அங்காடிக் கடைகளில் நாம் பெரும்பாலும் பார்ப்பது 'பிப் கூர்மான்' என்ற வேறொரு பிரிவின் ஸ்டிக்கர். டயர் பொம்மை நாக்கால் உதட்டை நக்கும் படம் அதில் இருக்கும். கொடுக்கும் காசுக்கு நல்ல சாப்பாடு என்பதே அதன் பொருள். அதுவும் மதிப்புள்ள சான்றுதான். தீவிலேயே சிறந்த கஞ்சி என்று அது சொல்லவில்லை.

ஆண்டையும் பாருங்கள். பட்டியல் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. பழைய ஸ்டிக்கரைக் கழற்றக் கடைக்காரர்களுக்கு மனம் வராது, அதில் குற்றம் சொல்லவும் முடியாது. தொலைக்காட்சி நடிகர் வந்து சாப்பிட்ட படமும் பக்கத்தில் மாட்டியிருந்தால், அந்தப் படத்தில் அவருடைய தலைமுடியின் பாணியை வைத்தே ஆண்டைக் கணித்துக்கொள்ளலாம்.

சுத்தி வளைக்காம சொல்லுங்க, உங்களுக்குப் பிடிச்சுதா இல்லையா?

பிடித்தது. கஞ்சி கட்டியில்லாமல், கரண்டியிலிருந்து நாடா போல வழிகிறது. எலும்புச் சாற்றின் ருசி அடியில் நிதானமாக நிற்கிறது. இறைச்சி உருண்டையைக் கையால் அடித்துப் பிசைந்து செய்கிறார்கள் என்பது கடிக்கும்போதே தெரியும். அடிப்பிடித்ததைப் போன்ற மெல்லிய வாசனை ஒன்றும் வரும். அதைக் குறை என்று நினைக்காதீர்கள், இந்த ஊரில் அதற்காகவே கஞ்சிக் கடையைத் தேடிப் போகிறவர்கள் உண்டு.

குறைகளும் உண்டு. உப்பு எப்போதும் ஒரு பிடி தூக்கலாகவே இருக்கிறது. ஏழெட்டு முறையில் இரண்டு முறை ஈரல் ரப்பர் போல ஆகியிருந்தது. ஒருமுறை உச்சக் கூட்டத்தில் பானை தீரும் நிலையில் வெந்நீர் ஊற்றி விளாவிக் கொடுத்தார்கள். அன்றைய கிண்ணத்தில் எலும்பின் ருசியே இல்லை. என் வீட்டருகில் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளக் காப்பிக் கடையில் ஒரு வயதான தம்பதி இதே முறையில் இதே கஞ்சியைக் காய்ச்சுகிறார்கள். அங்கே எனக்கு முன்னால் நான்கு பேருக்கு மேல் நின்றதில்லை. இரண்டையும் கண்ணைக் கட்டிக்கொண்டு சாப்பிடச் சொன்னால், இறைச்சி உருண்டைக்காக மட்டும் பெரிய கடையைச் சொல்வேன், மற்ற எல்லாவற்றிலும் தடுமாறுவேன். பத்து நிமிடம் நின்று சாப்பிடத் தகுந்த கஞ்சி என்பது என் முடிவு.

அந்தப் பத்து நிமிஷ வரிசை எப்பக் கிடைக்கும்?

வார நாள் காலை ஏழரைக்கு முன்பு. இந்த ஊர்ச் சீனர்களுக்குக் காண்டனீஸ் கஞ்சி அடிப்படையில் காலை உணவு. பெரும்பாலும் மதியத்துக்கு முன்பே கூட்டம் வரத் தொடங்கி, ஒரு மணிக்கெல்லாம் பானை காலியாகிவிடும். சனி, ஞாயிறுகளில் எந்த நேரமும் நெரிசல்தான். பல அங்காடிக் கடைகள் வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ மூடுகின்றன, அது எந்த நாள் என்பது கடைக்குக் கடை மாறும். அங்காடி முழுவதுமே துப்புரவுக்காகச் சில நாள்கள் மூடப்படுவதும் உண்டு.

காலையில் போவதால் ருசியிலும் லாபம். முன்பு சொன்ன வெந்நீர் விளாவல் காலையில் நடக்க வாய்ப்பில்லை. தாமதமாகப் போகிறவர்களுக்கு இரண்டில் ஒன்று வாய்க்கும்: பானையின் அடியில் கெட்டிப்பட்டு எல்லா ருசியும் இறங்கிய அருமையான கஞ்சி, அல்லது நீர்த்த கஞ்சி. அது அன்றைய அதிர்ஷ்டம்.

போனா என்ன வாங்கணும்? பலகையில பதினஞ்சு வகை இருக்கே!

பதினைந்தும் ஒரே பானைக் கஞ்சிதான். மேலே போடுவது மட்டும் மாறும். முதல் முறை போகிறவர் இறைச்சி உருண்டையும் பதப்படுத்திய கறுப்பு வாத்து முட்டையும் சேர்ந்ததை வாங்கலாம். உள்ளுறுப்புகள் பழக்கமானவர்கள் ஈரல், குடல் கலந்ததைக் கேட்கலாம். ஆட்டு ஈரலும் குடலும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் தயக்கம் இருக்காது. பன்றி இறைச்சியே வேண்டாம் என்று மீன் துண்டுக் கஞ்சி வாங்குகிறவர்கள் அடுத்து வரும் பதில்களில் ஒன்றைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

யூ சார் குவே என்ற எண்ணெயில் பொரித்த மாவுக் கோலைத் துண்டு போட்டு மேலே தூவுவார்கள். பழங்காலச் சீனாவை ஆண்ட சோங் அரசின் தளபதி யூஃபெய்க்குத் துரோகம் செய்த அமைச்சர் சின் ஹுயையும் அவன் மனைவியையும் எண்ணெயில் போட்டுப் பொரிப்பதாகப் பாவித்து மக்கள் இதைச் செய்யத் தொடங்கினார்கள் என்பது கதை. இரண்டு கோல்கள் ஒட்டியபடி இருப்பதற்கும் அதையே காரணமாகச் சொல்வார்கள். கதை எப்படியோ, அது ஊறிப்போவதற்கு முன் சாப்பிட வேண்டும் என்பதே நமக்கு வேண்டிய செய்தி. மேசையில் இருக்கும் நல்லெண்ணெயை நம் செக்கு எண்ணெய் என்று நினைத்து ஊற்றிவிடாதீர்கள். எள்ளை வறுத்து ஆட்டியது. இரண்டு சொட்டுக்கு மேல் போனால் கஞ்சியில் வேறெந்த வாசனையும் நிற்காது.

அந்தக் கறுப்பு முட்டை நிஜமாவே நூறு வருஷம் பழசா? சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதா?

சில வாரங்களிலிருந்து சில மாதங்கள்வரைதான் ஆகியிருக்கும். சுண்ணாம்பு, சாம்பல், உப்பு, களிமண் கலந்த காரத்தன்மையுள்ள (ஆல்கலி) பூச்சுக்குள் வாத்து முட்டையைப் புதைத்து வைப்பார்கள். காரம் ஓட்டைக் கடந்து உள்ளே இறங்க இறங்க, வெள்ளைக்கரு தேநீர் நிறத்தில் கண்ணாடி போன்ற ஜெல்லியாகும். மஞ்சள்கரு கரும்பச்சையாகிப் பாலாடைபோலக் குழையும். நெருப்பில்லாமல் காரத்தால் கட்டிப்பட்ட முட்டை என்று புரிந்துகொள்ளலாம். முதலில் ஒரு நவச்சார நெடி வரும். கஞ்சிச் சூட்டில் அது குறைந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள், சீனர்களிலேயே தொடாதவர்கள் இருக்கிறார்கள்.

நாங்க பன்னி சாப்பிட மாட்டோம். வெறும் கஞ்சி மட்டும் கேட்டா பரவாயில்லையா? சைவம்னா என்ன பண்றது?

பரவாயில்லை என்று சொல்லமுடியாது. முதல் பதிலில் சொன்னபடி, பானையில் கொதிப்பதே பன்றி எலும்புச் சாறு. மேலே இறைச்சி போடாததால் அது சைவமாகிவிடாது. மீன் துண்டுக் கஞ்சியும் அதே பானையிலிருந்துதான் வரும், அதே சிறு பாத்திரத்தில்தான் கொதிக்கும். முட்டைக் கஞ்சிக்கும் அதுவே.

முஸ்லிம் நண்பர்கள் முயிஸ் எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஹலால் சான்றிதழைப் பார்க்க வேண்டும். 'பன்றி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை' என்று எழுதியிருப்பது அந்தச் சான்றிதழுக்கு ஈடாகாது. ரமலானில் இங்குள்ள பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி கிடைக்கும். கஞ்சியை நாடி அலைகிறவர்களுக்கு அதைவிடச் சிறந்த வழி தெரியவில்லை, வரிசை நிற்பதிலும் அர்த்தம் இருக்கும். சைவர்களுக்குப் பௌத்த முறையிலான சீனச் சைவக் கடைகள் இருக்கின்றன. அவற்றில் வெங்காயம், பூண்டுகூட இருக்காது. சிலவற்றில் முட்டை சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். மாட்டிறைச்சியைத் தவிர்க்கிறவர்கள், காண்டனீஸ் கஞ்சிப் பட்டியலில் மெல்லிய மாட்டிறைச்சித் துண்டுகளும் ஒரு வகையாக இருப்பதை நினைவில் வைக்க வேண்டும்.

முன்னாடியெல்லாம் கஞ்சியோட பச்சை மீன் குடுப்பாங்களாமே, கேட்டா இல்லைங்கிறாங்க. நமக்குத்தான் தரமாட்டேங்கிறாங்களா?

யாருக்கும் தருவதில்லை. மெல்லிய பச்சை மீன் துண்டுகளை நல்லெண்ணெய், இஞ்சி, பொரித்த வெங்காயத்தோடு தனித் தட்டில் கொடுப்பது பல கஞ்சிக் கடைகளில் வழக்கமாக இருந்தது. 2015இல் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற நுண்ணுயிரால் பலர் கடுமையாக நோயுற்றார்கள். விசாரணை இந்தப் பச்சை மீன் தட்டில் போய் நின்றது. பெருந்தலைக் கெண்டையும் விரால் இனத்தைச் சேர்ந்த தோமானும் இதற்குப் பயன்பட்டுவந்தன, இரண்டுமே நன்னீர் மீன்கள். அந்த ஆண்டு டிசம்பரில், சமைக்காமல் பரிமாறும் உணவில் நன்னீர் மீனைப் பயன்படுத்தவே தடை வந்தது. பழைய வாடிக்கையாளர்கள் இன்னும் அதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். கொதிக்கும் கஞ்சியில் போட்டு வேகவைத்த மீனுக்குத் தடை ஏதும் கிடையாது.

ஹாங்காங்கில் பன்றி இரத்தம் போட்ட கஞ்சியைச் சாப்பிட்டவர்களும் இதேபோல இங்கே தேடி ஏமாந்திருக்கிறார்கள். மலேசியாவில் பரவிய நிப்பா கிருமி 1999இல் சிங்கப்பூர் இறைச்சிக்கூடத் தொழிலாளர்களையும் தாக்கியதை ஒட்டி இங்கே பன்றி இரத்த விற்பனை நின்றுபோனது.

பாதி சாப்பிட்டதும் கஞ்சி தண்ணியாப் போயிடுச்சு. ஏமாத்திட்டாங்களோ?

இதில் கடைக்காரர்மேல் பழியில்லை. கஞ்சியைக் கெட்டியாக வைத்திருப்பது வீங்கிய மாவுச்சத்து. நம் எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைக்கும். வாயில் வைத்த கரண்டியை மீண்டும் மீண்டும் கிண்ணத்தில் விட்டுக் கிளறும்போது அந்த நொதியும் உள்ளே போய்க் கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சியை நீர்க்கச் செய்கிறது. பேசிக்கொண்டே அரைமணி நேரம் சாப்பிடுகிறவரின் கிண்ணத்தில் இது நன்றாகத் தெரியும். தொடாத கிண்ணத்தில் நடக்காது. கிளறாமல் ஓரத்திலிருந்து வழித்துச் சாப்பிட்டால் கடைசிவரை கெட்டியாக இருக்கும். கெட்டியான கஞ்சிக்குள் சூடு சுழன்று வெளியேறாது என்பதால் நடுப்பகுதி நெடுநேரம் கடுஞ்சூடாகவே இருக்கும். ஓரத்திலிருந்து தொடங்குவது நாக்குக்கும் நல்லது. குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது இதை மறக்க வேண்டாம்.

வாங்கும்போதே நீராக இருந்தால் அது வேறு விஷயம். அதன் காரணத்தை மேலே சொல்லிவிட்டேன்.

பார்சல் வாங்கிட்டு வந்தா வரிசையில நிக்கறது ஒருத்தர் மட்டும்தானே?

அப்படி எல்லோரும் நினைப்பதால்தான் ஆளுக்கு இரண்டரைக் கிண்ணம் என்ற கணக்கு வந்தது. அது இருக்கட்டும். அரைமணி நேரம் கழித்துத் திறந்தால் மாவுக் கோல் ஊறியிருக்கும், கஞ்சி ஆறி மேலே ஏடு கட்டியிருக்கும், அரைவேக்காட்டு முட்டை முழுதாக வெந்திருக்கும். மாவுக் கோலைத் தனிப் பையில் போடச் சொல்லுங்கள். கெட்டிப்பட்ட கஞ்சியில் சிறிது வெந்நீர் விட்டுக் கிளறிச் சூடாக்கினால் சரியாகிவிடும். நாமே விளாவுவதற்குக் குறை சொல்லமுடியாது.

ஏம்மா, எனக்குச் சர்க்கரை இருக்கு. கஞ்சிதானே, லேசான சாப்பாடு, தைரியமா சாப்பிடலாமில்ல?

பக்கத்து வீட்டு அம்மாவின் கேள்வி இது. வயிற்றுக்கு லேசு என்பதும் இரத்தச் சர்க்கரைக்கு லேசு என்பதும் ஒன்றில்லை, அம்மா. மணிக்கணக்கில் கரைந்த அரிசி, பருக்கையாக இருக்கும் சோற்றைவிட வேகமாகச் செரித்துச் சர்க்கரையை ஏற்றக்கூடியது. சிறிய கிண்ணம், அதில் மீனோ முட்டையோ கூடுதலாக, மாவுக் கோல் இல்லாமல் என்று வாங்குவது நல்லது. இரத்த அழுத்தமும் இருந்தால், நான் சொன்ன அந்த ஒரு பிடி தூக்கலான உப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சோயா சாற்றை மேலே ஊற்றவே வேண்டாம். அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள். கருவுற்றிருப்பவர்கள் முட்டையை நன்றாக வேகவைத்துத் தரும்படி சொல்ல வேண்டும்.

உங்க பேச்சைக் கேட்டு வரிசை இல்லாத தியோச்சூ கடைக்குப் போனேன். மூணு பேருக்கு அறுபது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கிட்டாங்க!

தம்பி, இந்தப் பழி எனக்கு வந்து சேர வேண்டியதுதான், எச்சரித்திருக்க வேண்டும். காண்டனீஸ் கஞ்சி கிண்ணக் கணக்கு. அங்காடியில் ஐந்தாறு வெள்ளிக்குள் அடங்கும், விலையும் பலகையில் இருக்கும். தியோச்சூ கடையில் கஞ்சி சில காசுதான், வெஞ்சனத்தைத் தொட்டுக் காட்டக் காட்டத் தொகை ஏறும். பல கடைகளில் தட்டுகளுக்கு விலைச்சீட்டு இருக்காது. முள்ளங்கி முட்டையும் கீரையும் விலை குறைவு. மீன், கணவாய், இறால் ஆகியவை எடைக்கும் அன்றைய சந்தை விலைக்கும் ஏற்ப இருக்கும். முழு மீனைக் காட்டிவிட்டு விலை கேட்காமல் உட்காருவதுதான் அறுபது வெள்ளிக்கான வழி. 'இது எவ்வளவு' என்று ஒவ்வொன்றுக்கும் கேட்பதில் கூச்சமே வேண்டாம், உள்ளூர்க்காரர்களும் கேட்கிறார்கள்.

கேலாங் பகுதியில் இரவில் கிடைக்கும் தவளைக் கஞ்சிக்கும் இது பொருந்தும். அங்கே கஞ்சி வெறுமையாக வரும். மண்சட்டியில் காரச் சாற்றோடு கொதிக்கும் தவளைக்குத்தான் விலை, எத்தனை தவளை என்ற கணக்கில் அது கூடும்.

அம்மா ஊர்லேர்ந்து வர்றாங்க. கையில ஒரே ஒரு காலைப்பொழுதுதான் இருக்கு. அந்தக் கடைக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா, வேண்டாமா?

அம்மா பன்றி இறைச்சி சாப்பிடுகிறவர் என்றால் ஏழு மணிக்கே கூட்டிக்கொண்டு போங்கள். நடைபாதைப் பக்க மேசையில் அவரை உட்காரவைத்து, பக்கத்துப் பானக் கடையில் ஒரு காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு நீங்கள் மட்டும் வரிசையில் நில்லுங்கள். வரிசை பன்னிரண்டு பேரைத் தாண்டியிருந்தால் திரும்பிவிடுங்கள். அதே அங்காடியில் வேறொரு கஞ்சிக் கடை அநேகமாக இருக்கும். இறைச்சி உருண்டைக் கஞ்சி ஒன்று, வெறும் கிண்ணம் ஒன்று கேட்டு இருவரும் பகிர்ந்துகொண்டால் போதும். என் அம்மாவை அப்படித்தான் கூட்டிப்போனேன். மூன்று கரண்டி சாப்பிட்டுவிட்டு, 'நல்லா இருக்கு, ஒரு மோர் மிளகாய் இருந்தா' என்றார். மறுமுறை போகும்போது கைப்பையில் ஒரு சிறு டப்பாவில் எடுத்துப் போனோம். கடைக்கார ஆன்டி ஒன்றை வாங்கிக் கடித்துப் பார்த்துவிட்டு, எங்கே கிடைக்கும் என்று கேட்டார். லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவில் என்றேன்.